சல்மானின் இடது காலும் ஓர் ஓட்டும்

என் திறமையைப் பார்த்துத்தான் கம்பெனி என்னை ஷார்ஜாவுக்கு அனுப்பியது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் கோயம்புத்தூர் ஆபீஸில் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். நாங்கள் ஏற்றுமதி செய்த டீசல் பம்புகள் தண்ணீரைவிடச் சத்தத்தையே அதிகம் இறைக்கின்றன என்று அங்கிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்திருந்தது. கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் போகிறவனுக்கு ஒரே ஒரு தகுதி போதும். திட்டினால் அழக்கூடாது. ஐம்பது வயது தாண்டியவனுக்கு, அதுவும் கல்யாணமானவனுக்கு, அந்தப் பயிற்சி தானாகவே வந்துவிடுகிறது.

2005 ஜனவரிக் கடைசி. விமானத்தில் பக்கத்து சீட்காரர், “கசகசா ஏதும் கொண்டாரலியே? கொண்டுவந்தா அங்க ஜெயிலுங்க” என்றார். என் மனைவி கட்டிக்கொடுத்த குருமாப் பொடி கைப்பையில் இருந்தது. அதில் கசகசா உண்டா இல்லையா என்ற கேள்வி அரபிக்கடல் முழுக்க என் கூடவே பறந்து வந்தது. கடைசியில் கழிப்பறைக்குள் போய்ப் பொடி மொத்தத்தையும் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டேன். எனக்கு அடுத்து உள்ளே போன அம்மாள் கதவைத் திறந்து, மோந்து பார்த்து, திரும்ப என்னைப் பார்த்தார். இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டேன். “கசகசா விக்கிற வெலையில அதையெங்கீங்க போடறது? பொட்டுக்கடலைதானுங்க போட்டேன்” என்றாள்.

வெளியே முனியசாமி பிக்கப் வண்டியோடு நின்றிருந்தார். கமுதிப் பக்கத்து ஆள், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நான் பார்க்க வந்த கடையில் டிரைவர், மெக்கானிக், எனக்கு அரபியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எல்லாமே அவர்தான். “வாங்கண்ணே. இன்னைக்கு வெள்ளிக்கெழம, கட லீவு. நாளைக்குத்தான் முதீரு வருவாரு” என்றார். முதீர் என்றால் மேனேஜர்.

“ரொம்ப கோபக்காரருங்களா?”

“பாக்தாத்காரருண்ணே. கோவப்பட மாட்டாரு. யாராச்சும் சத்தம் போட்டாக்கூட மொதல்ல கதவச் சாத்திட்டு வருவாரு.”

ஷார்ஜா தொழில்பேட்டையில் அன்று இரும்புச் சத்தமே இல்லை. ஷட்டர் இறங்கிய கேரேஜ்கள், அவற்றின் வாசல்களில் துவைத்துக் காயப்போட்ட நீலநிற டூட்டி உடைகள். மலையாளி கஃபெட்டீரியாவில் பரோட்டாவும் மீன்கறியும் சாப்பிட்டோம். கறியில் குடம்புளி. எங்கள் ஊரிலிருந்து நூறு மைல் போனால் கிடைக்கும் ருசிக்குக் கடல் தாண்டி வந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒரு பெஷாவர்க்காரர் அதே பரோட்டாவைப் பாலில்லாத டீயில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார். மனிதகுலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்த தருணம் அது.

மறுநாள் சல்மானைப் பார்த்தேன். நரைத்த அடர்த்தியான மீசை, இஸ்திரி கலையாத சட்டை. சின்னக் கண்ணாடி டம்ளரில் கட்டிச் சாயா வந்தது. பம்புகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. “பம்ப் நல்ல பம்ப்தான், முஹந்திஸ். கொஞ்சம் பேசுகிறது” என்றார் உடைந்த ஆங்கிலத்தில். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். நான் டிப்ளமோதான். திருத்தவில்லை.

அறை மூலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஊரில் நீள வரிசை. ஒரு பெண்மணி ஊதாநிற ஆள்காட்டி விரலை காமிராவுக்கு நேராக நீட்டிக் குலவையிட்டார். சல்மான் எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். மேசை போன் அடித்தது. எடுத்து, இரண்டு சொல் பேசிவிட்டு, என்னைக் கை காட்டி ஏதோ சொல்லி வைத்துவிட்டார்.

முனியசாமி என் காதருகே வந்தார். “அவுக சம்சாரம் நாதியாண்ணே. இங்கனதான் ஸ்கூல்ல கணக்கு டீச்சரு. ஈராக்குல எலெக்சன்லண்ணே. வெளிநாட்டுல கெடக்குற ஈராக்கியெல்லாம் அங்கங்கனயே ஓட்டுப் போடலாமாம், துபாய்ல பூத்து வச்சிருக்காங்க. நேத்து, இன்னைக்கு, நாளைக்கு. நாளையோட கலாஸ். அந்தம்மா போலாம் போலாம்னு நிக்கிது. இவரு ஒரு நாளைக்கு ஒரு சாக்குச் சொல்றாரு. இன்னைக்குச் சாக்கு நீங்க.”

“ஏன், போட்டால் என்ன?”

“பயம்ணே. இவரு வாழ்க்கையில பாத்த ஓட்டெல்லாம் ஒரே ஆளுக்குத்தான். ஆமா ஒரு கட்டம், இல்ல ஒரு கட்டம். இல்லையில போட்டவன அப்புறம் யாரும் பாத்ததில்லையாம். அந்தாளு ஆட்சி போயி, பிடிபட்டு ஜெயிலுக்கு உள்ள இருக்காரு இப்ப. ஆனா பயம் உள்ள போகலையே. இவரு அண்ணன் வேற இன்னும் பாக்தாத்துலதான் இருக்காரு. இங்க இவரு வெரல்ல மையிருந்தா அங்க அண்ணன் வீட்டுக் கதவ எவனாச்சும் தட்டுவானோன்னு.”

“நீங்கள் ஓட்டுப் போடுவதுண்டா?”

“நான் வந்து பன்னெண்டு வருசம்ணே. எலெக்சன் வரும்போதெல்லாம் லீவு கெடைக்காது. ஆனா நான் பாட்டுக்கு விடாமப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேனாம், ஊர்ல சொல்றாக. எனக்காகப் போடுற புண்ணியவான் யாருன்னுதான் தெரியல.”

பிறகு டெமோ. பம்ப், சக்கரம் வைத்த டிராலியில் இருந்தது. முனியசாமி, “போல்ட் போட்டுத் தரையோட இறுக்கிருவோம்ணே” என்றார். நான்தான் மார்தட்டினேன். “வேண்டியதில்லைங்க. எங்க பம்ப் ஆனமலையாட்ட நிக்கும்.” சல்மான் மரியாதையோடு பக்கத்தில் வந்து குனிந்தார். கயிற்றை இழுத்தேன். ஆனைமலை ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு திருவிழாத் தேர் மாதிரி ஆடி அசைந்து கிளம்பி, நேராகப் போய் சல்மானின் இடது காலில் ஏறி நின்றது. சத்தம் உண்மையிலேயே அதிகம்தான். ஃபேக்ஸில் பொய் இல்லை.

இங்கே காலுக்குக் கால் என்று கோவையில் ஒரு சர்வஞானி சொல்லி அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டேன். எதை விட்டுக்கொடுப்பது? வலது காலில் சேற்றுப்புண் இருந்தது. அதையே கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தபோது சல்மானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதத்தில் மாவுக்கட்டு. முகத்தில் இரண்டு நாள் மழை பெய்து நின்ற மாதிரி ஒரு வெளிச்சம்.

“எலும்பு விரிசல்” என்றார் என்னிடம், பரீட்சையில் பாஸான குரலில். “டாக்டர் வெளியே போகக்கூடாது என்றார். வீட்டிலேயே ஓய்வு.” என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நன்றி, முஹந்திஸ்.”

கால் உடைத்ததற்கு நன்றி வாங்கிய முதல் பம்ப் கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்போது நாதியா வந்தார். நாற்பதுகளின் கடைசியில் ஒரு குட்டையான பெண்மணி. தோளில் பெரிய பை, கையில் இன்னும் திருத்தி முடிக்காத பரீட்சைத் தாள்கள். கணவரைப் பார்க்கவில்லை, கட்டைப் பார்த்தார்.

“எந்தக் கால்?”

“இடது.”

“ஓட்டுப் போடுவது வலது கை.” பிறகு என் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில், “நீங்கள்தான் உடைத்தீர்களா?”

“நான் இல்லை மேடம். பம்ப்.”

“பம்புக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா?”

“இல்லை.”

“அப்படியானால் நீங்கள்தான். நாளை காலை வாருங்கள். நீங்கள்தான் தள்ள வேண்டும்.”

சல்மானின் முகத்து வெளிச்சம் அணைந்ததை நான் நேரில் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஷார்ஜாவைக் காணோம். ராத்திரி பெய்த மழையில் தெருவெல்லாம் தண்ணீர். மழை வரும் என்று யாரும் எதிர்பார்க்காத ஊரில் சாக்கடை வைக்க யாருக்குத் தோன்றும்? கார்கள் எருமைகளைப் போல வயிறுவரை நனைந்து நின்றன. அவினாசி ரோடு மேம்பாலத்துக்கு அடியில் வருடாவருடம் நாங்கள் பார்க்கும் காட்சிதான். கார்கள்தான் விலை கூட. நாதியாவின் கார் வீட்டு வாசலிலேயே இருமி நின்றுவிட்டது. சல்மான் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பாசத்தோடு பார்த்தார்.

“மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சன இல்ல” என்றார் முனியசாமி. “பிக்கப்பு ஒசரம்ணே, போயிரும்.”

முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். முனியசாமி, நாதியா, நடுவில் காலை நீட்டியபடி சல்மான். பின்னால் மடக்கிய சக்கர நாற்காலி, நேற்றைய குற்றவாளிப் பம்ப், அப்புறம் நான். பின்னால் ஆள் ஏற்றினால் ஷுர்தா பிடிக்கும் என்று முனியசாமி என் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். ஷுர்தா என்றால் போலீஸ் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் சொல் அதுதான்.

டீசல் வாடையில், பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் கடத்தப்பட்டேன். சிக்னலில் வண்டி நின்றது. தார்ப்பாய் ஓட்டை வழியே பார்த்தால், பக்கத்திலேயே பச்சையும் வெள்ளையுமாக ஒரு போலீஸ் கார். உள்ளே தொப்பி வைத்தவர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். எனக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பம்பின் மேல் அழுத்தினேன். என்ன கேஸ் போடுவார்கள்? டூரிஸ்ட் விசாவில் வந்து, அந்நிய நாட்டுத் தேர்தலில், சரக்கோடு சரக்காக... வக்கீலுக்கே புரியாது. வாழைப்பழம் முடிந்தது. சிக்னல் விழுந்தது. முன்னால் கேபினில் நாதியா, “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்துவது கேட்டது. அதிகாரிகளைவிட அந்தக் குரலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன் என்று அப்போது புரிந்தது.

இறங்கிப் பார்த்தேன். தேர்தல் என்றால் எனக்குத் தெரிந்தது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், சுண்ணாம்புக் கோடு, கூப்பிடு தூரத்தில் கட்சிக்காரர்களின் பந்தல், மதியம் பிரியாணிப் பொட்டலம், சலித்துப்போன முகங்கள். இங்கே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்குப் புதுத்துணி. ஆண்கள் கோட்டும் டையும். தொளதொள பேண்டும் இடுப்பில் சுற்றிய துணியுமாகக் குர்துகள். கத்தாரிலிருந்து ராத்திரி முழுக்கக் காரோட்டி வந்ததாக ஒருவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழத்தைப் பொதிந்து சுருட்டிய பிஸ்கட்டை ஒரு அம்மாள் தட்டில் வைத்து நீட்டினார். நான் ஈராக்கி இல்லை என்றேன். “வயிறு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்” என்றாராம், நாதியா சொன்னார். மூன்று எடுத்துக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அன்று அந்த ஊரில் வேறு யாருக்குமே ஓட்டுக் கிடையாது. எனக்கில்லை, முனியசாமிக்கில்லை, வாசலில் காவல் நின்ற நேபாளிக்கில்லை, ஏன், இந்த மண்ணின் மக்களுக்கே இல்லை. நேற்றுவரை பேசவே பயந்துகொண்டிருந்த ஈராக்கிகளுக்கு மட்டும் இருந்தது.

முனியசாமி வண்டியோடு வெளியே நின்றுவிட்டார். காவல்காரர் சட்டைப்பையைத் தடவி என் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்தபோது, எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் ஒரே வாக்கியமாக வெளியே வந்தது. அதில் வினைச்சொல் இல்லை. அவர் பரிதாபப்பட்டு, டெஸ்டரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். “இது யார்?” என்று என்னைக் காட்டி ஒரு அதிகாரி கேட்டார். “சக்கரம்” என்றார் நாதியா.

வரிசையில் நகர்ந்தோம். சல்மானின் வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது. நாற்காலியின் கைப்பிடி வழியாக அவர் நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்தது. நடுக்கத்தில் அனுபவம் உள்ளவன் நான். என்னுடையது கசகசா நடுக்கம், வாழைப்பழ நடுக்கம். வந்த வேகத்தில் போய்விடும். இது வேறு ஜாதி. பல வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிற நடுக்கம். அதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

மேசைக்குப் பின்னால் முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி. அவளும் ஈராக்கிதான். பெயரைச் சரிபார்த்தாள். மைப்புட்டியை நகர்த்தினாள். நாதியா விரலைச் சட்டென்று முக்கி எடுத்தார். சல்மான் புட்டியைப் பார்த்தார். நாதியாவைப் பார்த்தார். பையிலிருந்து கை மெல்ல வெளியே வந்தது. ஊசி போடக் காட்டுகிற பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை விட்டார்.

வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். சீட்டா அது? நம் ஊர் தினசரியை விரித்த மாதிரி அத்தனை பெரிசு, முழுக்கக் கட்சிகள். சல்மான் அதை அங்கேயே, அந்தப் பெண்ணின் மேசை மேலேயே பரப்பினார். பேனாவை எடுத்து, அவள் நன்றாகப் பார்க்கும்படி தலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

“இங்கே இல்லை, அம்மூ. அங்கே” என்று அந்தப் பெண் அட்டைத் தடுப்புகள் வைத்த மேசைகளைக் காட்டினாள். அம்மூ என்றால் சித்தப்பா மாதிரி.

“இங்கேயே போடுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.”

அவர்கள் அரபியில் பேசுவதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த நாதியா, என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். “பாக்தாத்தில் எல்லோரும் அதிகாரியின் கண் முன்னால்தான் போடுவோம். தள்ளிப்போய் எழுதினால், உனக்கு மறைக்க என்ன இருக்கிறது என்பார்கள். ஒருமுறை இவர் அண்ணனின் பேனா எழுதவில்லை. கொஞ்சம் திரும்பி நின்று உதறினார். அவ்வளவுதான். கூட்டிப்போய்விட்டார்கள். அந்த வருடம் பேரீச்சம்பழம் பழுத்துக் காய்ந்து முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.”

என் தேர்தல் ஞாபகம் வந்தது. அட்டைக்குப் பின்னால் போவேன், பட்டனை அமுக்குவேன், அது கத்தும், வெளியே வந்து வெயிலைத் திட்டுவேன். அந்த அட்டை எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மின்விசிறிக் காற்றில் சாய்ந்தால் எரிச்சல்கூட வரும்.

அந்தப் பெண் எழுந்தாள். சல்மானின் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கினாள். “அம்மூ, இங்கே நான் பார்க்க எழுதினால் உங்கள் ஓட்டுச் செல்லாது. மறைத்துத்தான் எழுத வேண்டும். அதுதான் சட்டம்.”

சல்மானுக்குக் காதில் விழவில்லையோ என்னவோ. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.

“மறைப்பதுதான் சட்டமா?”

“ஆமாம்.”

“நான் யாருக்குப் போட்டேன் என்று நீ கேட்க மாட்டாயா?”

“கேட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.”

சல்மான் அந்தப் பெண்ணையே பார்த்தார். அரசாங்கத்தின் ஆள் ஒருத்தி தனக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது என்ற செய்தி உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் ஒரு தாழ்வான மேசையை இழுத்துப்போட்டு, நாற்காலி உயரத்துக்கு அட்டைத் தடுப்பை நிறுத்தினாள். நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். நகரப் போனபோது சல்மான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “முஹந்திஸ், நீ இரு. உனக்கு அரபி தெரியாது. நான் தப்பாக எதுவும் செய்யவில்லை என்று பின்னால் சொல்ல ஒருத்தன் வேண்டும்.”

எனக்கும் இருக்கலாம் என்றுதான் தோன்றியது. ஒரு மனிதன் பயந்து கையைப் பிடிக்கும்போது சட்டம் பேச யாருக்கு மனசு வரும்? அந்தப் பெண்ணுக்கு வந்தது. “நீங்களும் கூடாது சார்” என்றாள். சல்மானின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். மை என் மணிக்கட்டிலும் கொஞ்சம் அப்பிக்கொண்டது. பின்னால் வந்து, முதுகைக் காட்டி நின்றேன்.

பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. சின்னச் சத்தம், கொசு பறக்கிற அளவுதான். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

நேரம் போனது. இன்னும் போனது. நாதியா தன் தடுப்பிலிருந்து வெளியே வந்து பெட்டியில் போட்டுவிட்டார். என் மண்டைக்குள் வழக்கமான சினிமா ஓட ஆரம்பித்தது. மயக்கமாகிவிட்டாரா? நெஞ்சுவலியா? நேற்றுக் கால், இன்று ஆளே போய்விட்டாரா? எங்கள் பம்புக்கு இனி வளைகுடாவில் யார் ஆர்டர் தருவார்கள்?

“அம்மூ, முடிந்ததா?” என்றாள் அந்தப் பெண்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் பதில் வந்தது. கொஞ்சம் நீளமான பதில். அந்தப் பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் நாதியாவைப் பார்த்தேன். அவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

“எழுதி முடித்து எவ்வளவோ நேரமாகிவிட்டதாம். சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். யாருமே பார்க்கவில்லை, நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாமா என்று கேட்கிறார்.”

பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. கத்தார்க்காரர், “என்ன ஆச்சு?” என்று எட்டிப் பார்த்தார். முன்னால் நின்றவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அது காது காதாகப் பின்னால் போவதைப் பார்க்க முடிந்தது. முணுமுணுப்பு இல்லை, உச்சுக்கொட்டல் இல்லை. எங்கள் ஊர் வரிசையாக இருந்தால் இதற்குள் சண்டை முடிந்து சமாதானமே ஆகியிருக்கும்.

நானே ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். காலையிலிருந்து யல்லா, யல்லா என்று எங்கள் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த நாதியா, மை காயாத ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து என்னை அடக்கினார்.

அட்டையின் விளிம்புக்கு மேலே சல்மானின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. வரிசையும் அசையவில்லை.